வெட்டாமல் விட்ட ஒயர்

சாவி என் கையில் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருந்தது. காரின் முன்பக்கத்துக்கு ஒரு கேமரா போட வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டதும் நான்தான். அந்தக் கடைக்காரர் மட்டும் பதிலை என் கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஸார், இருட்டுலயும் தெளிவாத் தெரியும் ஸார். மழைத் தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது ஸார்."

ஹிந்தியும் தெலுங்கும் கலந்து அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். குகட்பள்ளியில், எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளியிருக்கும் கடை. என் கணவர் சுவரில் தொங்கிய சீட் கவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வெளியே போனால் அப்படியே ஒரு டீ குடிக்கலாம் என்று கூட வந்தவர்.

"கார் என்னோடது. என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"ஜி மேடம், ஜி மேடம்" என்று தலையை ஆட்டினார். ஆட்டி முடித்ததும் மறுபடி என் கணவர் பக்கம் திரும்பி, "மேடம் ஓட்டுறாங்கன்னா கேமரா கண்டிப்பா வேணும் ஸார்" என்றார்.

என் கணவர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரமாக ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிறந்த வீட்டிலேயே பெயர். இதை எழுத உட்காரும் முன் சில வாரங்கள் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்த வருஷமே சேர்ந்த வேலை, இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. கம்பெனி பஸ், அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் கணவர் பெரிய கார் வாங்கியதும் அவர் கழித்துப்போட்ட சின்னக் கார் என்று ஒவ்வொரு படியாக வந்தேன். மகன் படிக்க வெளிநாடு போனான். அந்த வருஷம் என் சம்பாத்தியத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. சித்தியைக் கோயிலுக்குக் கூட்டிப்போ, மாமா பெண்ணை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்ல முடியாத கார். அதற்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

உண்மைக் காரணம், எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. "ஸார் கிஃப்ட்டா மேடம்?" என்று கம்பெனி கேட் செக்யூரிட்டியிலிருந்து மேனேஜர் வரை கேட்டு முடித்தார்கள். இல்லை, நானே வாங்கியது என்றால், "அப்போ ஸார் எப்போ ஓட்டுவார்?" என்பார்கள். ஸார் ஓட்ட மாட்டார். ஸாருக்கு முட்டி மடங்காது. மடங்கினாலும் சாவியை நான் கொடுக்கப் போவதில்லை.

ஸார் மௌலா அலியில் பிறந்து வளர்ந்தவர். மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அவர் பேசும் தமிழில் மூன்றும் இருக்கும். கார் வந்த அன்று அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "கைக்கு இது? தரையில உக்காந்து போற மாதிரி இருக்கு. லாரிக்காரன் கண்ணுலயே நீ பட மாட்ட" என்றார். எதற்கு இது என்பதை அவர் அப்படித்தான் கேட்பார்.

தரையில் உட்கார்ந்து போகிற மாதிரிதான் இருக்கும், அதுதான் அந்தக் கார். நீண்ட மூக்கு. மூக்குக்கும் தரைக்கும் நடுவில் என் கையின் நான்கு விரல்தான் நுழையும். ஓட்டுகிறவருக்கு அந்த மூக்கின் நுனி எங்கே முடிகிறது என்று தெரியவே தெரியாது. இந்த ஊரிலோ ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை போட்டுக்கொள்கிறார்கள். தார் மிச்சமிருந்தால் இரண்டாவதாகவும் ஒன்று போட்டுவிடுகிறார்கள். அதையெல்லாம் கோணலாக ஏறி, கோணலாக இறங்கிக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள முடியாதது எங்கள் செல்லார்தான். கட்டடத்துக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தை இங்கே செல்லார் என்பார்கள். என்னுடைய இடம் இரண்டு தூண்களுக்கு நடுவில். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டுக் கட்டை, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஓட்டுகிற இடத்திலிருந்து தூண் தெரியும், கட்டை தெரியாது. எதிரே சுவர். சுவரின் கீழ்ப்பாதியில் சிவப்புப் பெயிண்டில் தெலுங்கில் என்னவோ எழுதியிருக்கும். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.

முதல் மாதமே அந்தக் கட்டையில் மூக்கு உரசியது. மேலே வந்து சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இன்னொரு தடவை இடிச்சா வித்துடலாம், சரியா?" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். நான்தான் பொங்கிவிட்டேன்.

"ஒண்ணு என்னத்துக்கு? மூணு வைங்க. இனிமே மூணு தடவை இடிச்சா நானே விக்கேன். யாரும் சொல்ல வேண்டாம்."

"சொன்ன சொல்லு மாற மாட்டியே?"

"என்னைக்கு மாறியிருக்கேன்?"

இப்படி வாயைக் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேன். மூன்றாவது இடி விழுந்தால் கார் போய்விடும். அதற்குப் பயந்துதான் மறு ஞாயிறு கேமரா கடைக்குப் போனது.

கடைக்காரர் வேலை தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். மூக்கில் நம்பர் பிளேட்டுக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, கேமராவைப் பொருத்தி, ஒயரைப் பானட்டுக்குள் இழுத்துக் கட்டி, டாஷ்போர்டில் சின்னத் திரை ஒன்றையும் ஒரு பட்டனையும் வைத்துக் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் மூக்குக்கு முன்னால் இருப்பது திரையில் வரும். காரின் முன்னால் போய் நடுவில் நின்று கையை ஆட்டினார். திரையில் கை ஆடியது. "செட், ஸார்" என்றார். காசு கொடுத்தது நான்.

வீட்டுக்கு வந்து செல்லாரில் நிறுத்தும்போது என் கணவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். திரையில் இரண்டு கட்டைகளும் சுவரும் பளிச்சென்று தெரிந்தன. மஞ்சள் கோடுகள் வேறு, இதற்கு மேல் போனால் இடிக்கும் என்பதற்கு. அவர் மடங்காத முட்டியைப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் தெரியுது" என்றார். அன்றைக்கு இடிக்கவில்லை. நேராகப் போய் நேராக நின்றேன், திருப்பவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேகத்தடை வந்தால் பட்டனைத் தட்டுவேன், மேடு திரையில் ஏறி வரும், எவ்வளவு உயரம் என்று பார்த்து மெல்ல ஏறி இறங்குவேன். கம்பெனியில் செம்பருத்தி வேலியைப் பார்த்து நிறுத்த வேண்டும், இலையில் படாமல் நிறுத்தினேன். ஒரே ஒரு குறை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது திரையைப் பார்த்தால் லேசாகத் தலை சுற்றியது, வயிற்றைப் பிரட்டியது. புதுசு, பழகிவிடும் என்று விட்டேன்.

அடுத்த வாரம் இடித்தேன். செல்லாருக்குள் கொஞ்சம் கோணலாக வந்துவிட்டேன். திரையில் வலது கட்டை கிட்டே இருந்தது, இடது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. இடது பக்கம் ஒடித்தேன். டர்ர்ர் என்று ஒரு சத்தம், பல்லைக் கூசவைக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது மூலை கட்டையில் ஏறி நிற்கிறது. வலது பக்கம் ஒரு முழம் இடம் காலியாகக் கிடந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகமாக ஒடித்துவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து மறுபடி. இந்தத் தடவை திரையில் இடது கட்டை கிட்டே இருந்தது, வலது பக்கம் ஒடித்தேன், வலது மூலை போயிற்று. இரண்டு இடி. எதிர் ஃபிளாட்டுக்காரர் லிஃப்டுக்கு நின்றபடி பார்த்துவிட்டு, "கேமரா வெச்சிக்கிட்டேவா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டார். பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் லிஃப்ட் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு தடவையும் என் கணவர் திட்டவே இல்லை. "பரவால்ல விடு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் பால் பொங்கி வழிந்ததற்குக்கூட அந்த மனிதர் பரவாயில்லை என்று சொன்னதில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, நெகிழ்ந்துபோனேன். அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் காலையில் தராசைத் தொடும் முன், தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்துச் சரி பார்ப்போம். தராசு சொல்வதைத் தராசைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். அப்படிப்பட்டவள், அந்த அற்பத் திரையை ஒரு நாள்கூடச் சோதிக்கவில்லை. என்னைத்தான் சோதித்தேன். கை நடுங்குகிறதா, கழுத்து வலியா, தூக்கம் போதவில்லையா, அந்த வயசு வந்து மூளை மந்தமாகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கண்ணாக இருக்கலாம் என்று தோன்றிய அன்று பயந்துவிட்டேன். என் வேலையே கண்ணை நம்பி நடக்கிறது.

"கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்துருவோமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"வரேன்" என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண்பாப்பா விரிய வேண்டும் என்று இரண்டு மணி நேரம். எதிரே இருந்தவர்களின் முகமெல்லாம் கரைந்துபோயிற்று. டாக்டர் ஒளியடித்துப் பார்த்து, வயசுக்குத் தகுந்த கண், ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கண் சரி என்றால் கோளாறு அதற்குப் பின்னால், மண்டையில் என்றுதானே அர்த்தம்? வெளியே வந்தபோது வெயில் ஊசியாகக் குத்தியது. படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கு, பாத்து, இன்னும் ரெண்டு" என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்கிக் கூட்டி வந்தார். அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கு என்னமோ ஆயிட்டுங்க" என்று அழுதேன். தெருவில் வைத்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது இடிக்கு நான் காத்திருக்கவில்லை. அந்த வாரமே, "விக்க ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். பஸ்ஸில் ஏறிய முதல் நாள் எல்லாரும், "கார் என்னாச்சு மேடம்?" என்றார்கள். சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த ரோட்டில் நான் கியர் மாற்றும் சத்தத்துக்கு டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு, என் கையை நானே பார்த்துக்கொண்டு போனேன். என் கணவர் ஆள் பார்ப்பதில் படு சுறுசுறுப்பாக இருந்தார். அவருடைய நண்பருக்குத் தெரிந்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து காரைப் பார்ப்பதாக ஏற்பாடாயிற்று.

பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேஜைத் தோழி வரங்கல் பக்கத்துத் தெலுங்குக்காரர், என் வயதுதான். கார் போகப்போகிறது என்று அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "போறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு என்னைக் கூட்டிப் போங்க மேடம்" என்றார். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தார். வெளியே அவருக்காக ஒரு சுற்றுச் சுற்றினேன். ரோட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினேன், அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து செல்லாரில் இறங்கும்போது உள்ளங்கை வியர்த்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். திரை வந்தது.

அவர் திரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஏன்ட்டி மேடம் இதி? அக்‌ஷராலு உல்டா உன்னாயி!"

எழுத்துகள் திரும்பியிருக்கின்றன என்கிறார். எனக்குப் புரியவில்லை. சுவரில் இருப்பது "இக்கட உம்மி வேயராது", அதாவது இங்கே எச்சில் துப்பக் கூடாது என்றார். நான் வருஷக்கணக்காகத் தினமும் அதற்கு எதிரே வண்டியை நிறுத்துகிறேன், அதில் அதுதான் எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். திரையில் அதே எழுத்து, நிலைக்கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, கடைசி எழுத்து முதலில் வந்து, ஒவ்வொன்றும் இடவலம் மாறி நின்றதாம். எனக்கு இரண்டும் சுழிதான். நேராக இருந்தாலும் சுழி, திரும்பினாலும் சுழி.

"இறங்கி முன்னாடி நில்லுங்க" என்றேன். இறங்கிப் போனார். இடது தூணுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். கண்ணாடி வழியாக அவர் இடது பக்கம் நின்றார். திரையில் வலது பக்கம் நின்றார்.

என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணும் கையும் மூளையும் சரி. வலது பக்கம் இருந்த கட்டையை இடது பக்கம் என்று அது சொல்லியிருக்கிறது, நானும் சொன்னபடியெல்லாம் கேட்டுப் போய் இடித்திருக்கிறேன். இரண்டு தூணும் ஒன்றுபோல இருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. முதலில் வந்தது நிம்மதிதான். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

சரிவில் ஏறி வெளியே வந்து, சிக்னல் கிடைத்ததும் கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். முன்னாலும் பின்னாலும் போடுகிற கேமரா ஒன்றேதான். பின்னால் போடுவதற்காகப் படம் இடவலம் மாறித்தான் வரும். அதன் ஒயரில் குட்டியாக ஒரு வளையம் தொங்கும், அதை வெட்டிவிட்டால் படம் நேராகிவிடும். ஆனால் வெட்டிவிட்டால் கேமரா கெட்டுப்போனாலும் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளாது. அதனால் கடையில் யாரும் முதலில் வெட்ட மாட்டார்கள். கஸ்டமர் சொன்னால்தான் வெட்டுவார்கள்.

"அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஸார் கோ மாலூம் ஹை நா மேடம்" என்றார். ஸாருக்குத்தான் தெரியுமே. "கேமரா போட்ட அடுத்த வாரமே ஸார் ஃபோன் பண்ணாரே. எழுத்து திரும்பித் தெரியுதுன்னு கேட்டாரு. ஒயரை கட் பண்ணணும், கொண்டு வாங்கன்னேன். நானே வீட்ல பண்ணிக்கிறேன்னு சொன்னாரே."

என் தோழியை எப்படி அனுப்பி வைத்தேன் என்று நினைவில்லை. லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை, மூன்று மாடி படியேறிப் போனேன். என் கணவர் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாம்பார் அவர் பொறுப்பு. நல்ல மனிதர் என்று அவரை ஊரே சொல்லும். அன்று காலை வரை நானும் சொல்லியிருப்பேன்.

"கேமரா கடைக்கு ஃபோன் போட்டீங்களா?"

கத்தி நின்றது. எந்தக் கடை என்றுகூட அவர் கேட்கவில்லை.

"ஹவ்" என்றார். ஆமாம் என்பதுதான் அது.

"எப்போ?"

"கேமரா வெச்சப்புறம் நீ மொத தடவை இடிச்சதுக்கு மறுநாள். எழுத்து திரும்பி இருக்கிறத அன்னைக்கே பாத்தேன், கேமரா போட்டுட்டு வந்த அன்னைக்கு. நீயும் பாத்திருப்பன்னு நெனச்சேன். இடிச்சிட்டு வந்ததும்தான் புரிஞ்சுது, இதுனாலதான்னு. கடைக்காரன்கிட்ட கேட்டேன். சாயங்காலம் கட் பண்ணிடலாம்னு இருந்தேன்."

"எந்த வருஷத்துச் சாயங்காலம்?"

அவர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"ரெண்டாவது தடவை இடிச்சேம்லா, அப்பவும் தெரியும்லா உங்களுக்கு?"

"நக்கோ, வேணாம், கத்தாத. முழுசா கேளு." முருங்கைக்காயைத் தட்டோடு தள்ளி வைத்தார். "ஒரு நாள் ஆஃபீஸ் போகாம உன் பின்னாலேயே வந்தேன், ஜீடிமெட்லா வரைக்கும். உனக்குத் தெரியாது. ஒரு கெமிக்கல் டேங்கர் உன்னை ஒட்டிக்கிட்டே வந்துச்சு. உன் தலை அதோட டயர் உயரத்துக்குக் கீழ இருந்துச்சு. அன்னையிலருந்து நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடல. விக்கச் சொன்னா நீ கேக்க மாட்ட. மூணு தடவை இடிச்சா விக்கிறேன்னு நீதான் சொன்ன. சரி, அது பாட்டுக்கு நடக்கட்டும்னு விட்டேன்."

பயந்திருக்கிறார். அது பொய்யில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கு அப்புறம் வேறு ரோட்டில் போயிருப்பேன், இல்லை ஒரு வேளை விற்றும் இருப்பேன். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு அவர் வழி விடவில்லை.

"என் கண்ணு போச்சுன்னு நான் நம்புனேன். மண்டை கலங்கிட்டுன்னு நம்புனேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா? ஒரு தடவையாவது உன் கண்ணு சரியில்லன்னு சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கியபோது அவருக்குத் தெரியும். தெருவில் அழுதபோது என் முதுகைத் தட்டிய கைக்கும் தெரியும். ஓர் ஒயரை வெட்டினால் நான் சரியாகிவிடுவேன் என்று தெரிந்துகொண்டே, "இன்னும் ரெண்டு படி" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கறை என்று யாராவது சொன்னால் அவர்களோடும் சண்டைக்குப் போவேன்.

அன்று நான் கத்தியது எதிர் ஃபிளாட் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். கடைசியில், "நாளைக்குக் கார் பாக்க வாரவருக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே. என் முன்னால" என்றேன்.

போட்டார். "ஸாரிங்க, வீட்ல மனசு மாறிட்டாங்க. லேடீஸ் இல்லையா..." என்று ஆரம்பித்தார்.

ஃபோனைப் பிடுங்கினேன். "மனசு ஒண்ணும் மாறல. கேமராவைத் தப்பா மாட்டியிருந்தாங்க. அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இப்போ எனக்கும் தெரிஞ்சுட்டு. அதனால விக்கல" என்று தெலுங்கில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் என்ன நினைத்தாரோ, "சரேண்டி" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் செல்லாருக்குப் போய்ப் பானட்டைத் திறந்தேன். அவர் பின்னாலேயே வந்து, "நான் பண்றேன், விடு" என்றார். அவர் கையில் புது கட்டிங் பிளேயர் ஒன்று இருந்தது. எப்போது வாங்கியது என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு தேதி வரும், அதற்கும் நான் கத்த வேண்டியிருக்கும். கையோடு கொண்டுபோயிருந்த நகவெட்டியாலேயே வளையத்தை வெட்டினேன். ஒரு வெட்டுத்தான். முனைகளில் டேப் சுற்றி, பானட்டை மூடி, உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். இடது தூண் இடது பக்கம் இருந்தது. வெளியே எடுத்து, திரும்ப உள்ளே கொண்டுவந்து, கோணலாக வந்து, நேராகத் திருப்பி, இப்படி ஏழெட்டுத் தடவை நிறுத்திப் பார்த்தேன். ஒரு தடவையும் இடிக்கவில்லை. அவர் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

இப்போதும் அதே காரில்தான் வேலைக்குப் போகிறேன். டேங்கர் வந்தால் ஒதுங்கிக்கொள்கிறேன், முன்பும் அப்படித்தான் செய்தேன். அந்த மாதம் முழுக்க நான் பட்ட பாட்டுக்குத் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். கற்றுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கற்றுக்கொள்ளாதது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் தப்போடு இதைச் சேர்த்துக் கழித்துக்கொள்ளச் சொன்னால் மாட்டேன்.

வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறது. சாப்பிடுகிறோம், மகனிடம் வீடியோவில் பேசுகிறோம். சனிக்கிழமை அவர் சாம்பார் வைக்கிறார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்காரட்டுமா என்று அவர் கேட்பதில்லை, நானும் கூப்பிடுவதில்லை.

இதை எழுதி முடித்ததும் அவருக்குத் தெரியாமல் வெளியே போகக் கூடாது என்று தோன்றியது. தெரியாமல் செய்வது அவர் வழி, என் வழி இல்லை. அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் ஹாலில் உட்கார வைத்து நானே படித்துக் காட்டினேன். கடைக்காரர் வந்தபோது சிரித்தார். டேங்கர் வந்தபோது தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிப் படியில் அவருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிற இடம் வந்ததும் கையை நீட்டித் தாளைத் தொட்டார்.

"இதை மட்டும் எடுத்துடேன்" என்றார்.

"ஏன், பொய்யா?"

தாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பொய் இல்ல" என்றார்.

அப்படியானால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மீதியைப் படித்தேன்.